மூன்று தரம் சுகம் சொன்னவர்

என் மாமா கிறிஸ்தோபர் திருகோணமலைக் கரையில் மீன் கூறுகிறவர், அதாவது ஏலம் விடுகிறவர். வள்ளங்கள் விடியலில் வந்து சேரும். மீனை மணலில் விரித்த படங்கின் மேல் கொட்டுவார்கள். சுற்றிவர யாபாரிகள் நிற்பார்கள். மாமா நடுவில் நின்று விலையைக் கூப்பிடுவார். கேட்கிறவர்கள் ஏற்ற ஏற்ற, அவரும் குரலை ஏற்றுவார். ஏற்ற ஆளில்லை என்று கண்டதும் “ஒருதரம்… ரெண்டுதரம்…” என்று இழுத்து, “மூண்டுதரம்!” என்று வெட்டுவார். அந்த வெட்டு விழுந்தால் மீன் கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு ஒருவர் ஓடிவந்து இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் மாமா திரும்பிப் பார்க்கமாட்டார். ஒருமுறை எங்கள் அப்பா, அவருடைய சொந்த மச்சான், ஞானஸ்நான வீட்டுக்கு ஒரு பாரை மீன் வேண்டுமென்று பிந்திப் போய் நின்றார். “முடிஞ்சுது மச்சான்” என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். அன்று வந்தவர்களுக்கு நாங்கள் கோழிதான் சமைத்தோம்.

இதைக் கரையில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பள்ளிக்கூட நாட்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பெருமைதான் பிறகு மாமா வீட்டையும் பக்கத்திலேயே இருந்த எங்கள் வீட்டையும் போட்டு வதைத்தது.

மாமாவின் வருத்தம் மூக்கில் தொடங்கியது. அடைப்பு. சீறினால் பொருக்குப் பொருக்காக இரத்தம். எல்லோரும் பீனிசம் என்றோம். மாமி நொச்சி இலை அவித்து ஆவி பிடிக்க வைத்தார். பிறகு ஒரு காது அடைத்தது. அதுவும் பீனிசம்தான் என்றோம். முழங்கால் வீங்கியது. அதற்கு வாதம் என்று பெயர் வைத்து எண்ணெய் பூசினோம். காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது, கரையில் ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார் மாமா. கடைசியில் இருமும்போது கைலேஞ்சியில் இரத்தம் வந்தது. அதற்கு வைக்க எங்களிடம் பெயர் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கிருந்து அம்புலன்ஸில் வெளியூருக்கு ஏற்றினார்கள்.

அங்கேதான் என்னவென்று சொன்னார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே பிசகிப்போய், சின்னச் சின்ன இரத்தக் குழாய்களைத் தாக்கி அழல வைக்கும் வருத்தம். இரத்தக் குழாய் இல்லாத இடம் உடம்பில் எங்கே இருக்கிறது? அதனால் மூக்கு, காது, மூட்டு, நுரையீரல், சிறுநீரகம் என்று எல்லா இடமும் அதற்கு இடந்தான். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தது முழுக்க ஒரே வருத்தம்.

பலமான மருந்துகள் கொடுத்தார்கள். மாமாவின் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. தலைமயிர் மெலிந்தது. கோபம் கூடியது. ஆனால் தப்பிவிட்டார். பிறகு ஊரில் உள்ள ஆஸ்பத்திரிக்கே கிளினிக்கை மாற்றித் தந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை. இடைக்கிடை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்ட்டில் படுத்து, சேலைன் மாதிரி மெதுவாக ஏற்றுகிற ஒரு மருந்து.

கிளினிக்கில் முதல் நாள் மாமாவோடு நானும் போனேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். வீட்டில் சும்மா இருந்தால் எனக்குக் காலும் கையும் உளையும். உயிரியல் படித்தவள் என்ற ஒரே காரணத்தால் மாமாவைக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. டொக்டர் சிங்களவர். நல்ல மனிசன். தமிழ் கொஞ்சம்தான் வரும். பக்கத்தில் தாதி பஸ்மியா மிஸி நின்று சொல்லிக்கொடுத்தா. அவ குறிஞ்சாக்கேணியில் இருந்து வருகிறவ.

மாமா கேட்டார்: “அப்ப எனக்குச் சுகமோ டொக்டர்?”

டொக்டர் மிஸியிடம் ஏதோ சொன்னார். மிஸி ஒரு நிமிசம் யோசித்தா. “சுகம் எண்டு சொல்லேலா. வருத்தம் அடங்கி இரிக்கி.”

“அடங்கிட்டுதே? அப்ப சுகம்தானே.”

“இல்ல, அடங்கி *இரிக்கி*. உள்ளுக்க இரிக்கி. எழும்பாமப் பிடிச்சு வைக்கத்தான் இந்த மருந்து.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“அத இப்ப சொல்லேலா. ஆளுக்கு ஆள் வித்தியாசம். வருசக் கணக்கில போகும்.”

மாமா தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “கேட்டனியே பிள்ளை? அடங்கிட்டுதாம்.”

எனக்கு அந்த நேரமே விளங்கியிருக்க வேண்டும், இது எங்கே போய் முடியும் என்று. எங்கள் பேச்சில் இதற்கு ஒரு சொல் இல்லை. கரையில் மாமாவைக் காணுகிற எல்லோரும் “சுகமோ?” என்று கேட்பார்கள். அதற்குச் “சுகம்” என்று சொல்லலாம், “சுகமில்லை” என்று சொல்லலாம். நடுவில் ஒன்றும் கிடையாது. “அடங்கி இருக்கிறது, உள்ளே இருக்கிறது, பிடித்து வைத்திருக்கிறோம்” என்று ஒருவரும் மறுமொழி சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் கேட்டவர் பயந்துவிடுவார். ஆகவே மாமா எல்லோரிடமும் “சுகம்” என்றார். சொல்லிச் சொல்லித் தானும் நம்பினார்.

அந்த நம்பிக்கையோடு ஒரு வருடத்துக்கு மேல் மருந்தும் எடுத்தார் என்பதையும் நான் சொல்ல வேண்டும். குளிசை விழுங்கினார், வார்ட்டில் போய்ப் படுத்தார், இரத்தம் கொடுத்தார். புறுபுறுத்துக்கொண்டுதான். ஆனாலும் போனார். தவக்காலம் வரைக்கும் ஒரு பிழையும் இல்லை.

தவக்காலத்தில் கோயில் வளவில் செபக்கூட்டம் வைத்தார்கள். அதை நடத்துகிறவர்களில் ஒருவர் பேர்னதெத் அக்கா. மாமாவின் வருத்தத்தின்போது ஒருநாளும் விடாமல் செபமாலை சொன்னவ. அந்த நன்றி எங்கள் எல்லோருக்கும் உண்டு. அவ மாமாவிடம் வந்து, “கிறிஸ்தோபர், கடவுள் உங்களுக்குப் புதுமை செய்திருக்கிறார். அதை நீங்கள் வாய் திறந்து சாட்சி சொல்லவேணும்” என்றா. மாமாவுக்கு மைக் என்றால் சொல்லவா வேண்டும்? பிறந்ததிலிருந்து மைக் இல்லாமல் கத்தியவர்.

மேடையில் ஏறினார். தொடக்கத்தில் நன்றாகத்தான் சொன்னார். இரத்தம் வந்தது, அம்புலன்ஸ், மாமி அழுதது, எல்லாம். சனம் அமைதியாகக் கேட்டது. அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் முன் வரிசையில் இருந்த கரைப் பெடியங்களைக் கண்டதும் பழக்கம் வந்துவிட்டது. கையைத் தூக்கினார்.

“எனக்குச் சுகம்! ஒருதரம்!”

சனம் சிரித்தது.

“சுகம்! ரெண்டுதரம்!”

கைதட்டினார்கள்.

“சுகம்! மூண்டுதரம்!”

வளவே அதிர்ந்தது. மாமி கண்ணைத் துடைத்தா. நானும் கைதட்டினேன். தட்டிக்கொண்டிருந்த கையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மாமாவின் வாயில் அந்தச் சொல் விளையாட்டுச் சொல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த முறை மருந்து ஏற்றும் நாள் வந்தது. நான் உடுத்திக்கொண்டு போனால் மாமா விறாந்தைக் கதிரையில் சாரத்தோடு இருக்கிறார்.

“வெளிக்கிடயில்லையா மாமா?”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“நான் வரயில்லை.”

“ஏன், உடம்பு ஏலாதோ?”

“உடம்பு நல்லா இருக்கு. அதாலதான் வரயில்லை.”

மாமி குசினிக்குள் இருந்து கரண்டியோடு வந்தா. “இஞ்சேருங்கோ, என்ன கதை இது? மிஸி பாத்துக்கொண்டு நிப்பா.”

“றோஸ், நான் ஊருக்கு முன்னால மூண்டாந்தரம் சொல்லிட்டன். சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா? அந்த வார்ட்டைக் கடந்துதான் பாதி ஊர் போகுது. கிறிஸ்தோபர் மேடையில சொன்னது பொய் எண்டு கதைக்க மாட்டினமோ? கரையில நான் வெட்டுற மூண்டாந்தரத்தைப் பிறகு ஆர் நம்புவினம்?”

“அது மீன், இது உடம்பு” என்றேன்.

“வாய் ஒண்டுதான் பிள்ளை. மீனுக்கு ஒரு வாய், உடம்புக்கு ஒரு வாய் எண்டு வைச்சிருக்கிறனே நான்?”

நான் சொல்லாத மறுமொழி இல்லை. கோயில் பாதர் ஒருநாளும் மருந்தை விடச் சொல்லவில்லை என்றேன். “அவர் பாவம், அவருக்குக் கரையைப் பற்றித் தெரியாது” என்றார். கொப்பித் தாளில் இரத்தக் குழாய் கீறிக் காட்டினேன். “வடிவாக் கீறியிருக்கிறாய்” என்றார். போனில் ஒரு டொக்டர் தமிழில் விளக்கும் வீடியோவைப் பிடித்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்தபடி குறட்டை விட்டார். நான் வரம்பு மீறிக் கத்தினேன் ஒருநாள். “நீங்கள் செத்துப்போனா மூண்டாந்தரத்தைப் பெட்டியில வைச்சுப் புதைக்கிறதோ?” என்றுகூடக் கேட்டேன். மாமி என் வாயைப் பொத்தினா. மாமா எழுந்து கரைக்குப் போய்விட்டார்.

குளிசையையும் விட்டுவிட்டார். எடுத்தால் தன் சாட்சியைத் தானே நம்பாதவன் ஆகிவிடுவாராம். மாமி ஒருநாள் கதலிப்பழத்தைப் பிளந்து அதற்குள் குளிசையை வைத்துக் கொடுத்தா. மாமா பழத்தைத் தின்றுவிட்டுக் குளிசையை மட்டும் துப்பினார். “நாய்க்குக் குடுக்கிற மாதிரிக் குடுக்கிறாய் எனக்கு.”

“நாய் விழுங்கும்” என்றா மாமி.

நான் தனியாக பஸ்மியா மிஸியிடம் போனேன். வார்ட் வாசலில் நின்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். மூன்று தரம் சொன்ன கதையில் அவ சிரித்துவிட்டா. பிறகு சிரிப்பை நிறுத்தினா.

“இங்க பாருங்க தங்கச்சி. இந்த வருத்தக்காரர் மருந்த விட்டா அடுத்த நாளே விழமாட்டாங்க. அதான் கரைச்சல். நல்லாத்தான் இருப்பாங்க. ‘பாத்தியா, ஒண்டும் ஆகல்லயே’ எண்டு சொல்லுவாங்க. அது மெதுவா எழும்பும்.”

“நான் என்ன செய்ய மிஸி?”

“மூக்கில ரத்தம், மூச்சில விசில் சத்தம், தொண்டை கட்டுறது, சிறுநீர் நிறம் மாறுறது. இதுகளப் பாருங்க. ஒண்டு கண்டாலும் கூட்டிட்டு வாங்க. எத்தின நாள் பிந்தினாலும் வாங்க. ஏச மாட்டன் எண்டு சொல்லுங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கொஞ்சம் ஏசுவன்” என்றா.

அவ சொன்னபடியே நடந்தது. மாமா மாதக்கணக்காக நன்றாக இருந்தார். சாப்பிட்டார், கூறினார், ஊதிய முகம் வற்றி அழகனாகிவிட்டார். என்னைக் காணும்போதெல்லாம் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். “என்ன டொக்டர் அம்மா, நான் இன்னும் சாகயில்லையே?” எனக்கு அழுவதா அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அவர் நன்றாக இருப்பதைப் பார்த்து எரிச்சல்படுகிற நிலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

கச்சான் காற்று பிடித்த பிறகு தொண்டை கட்டியது. தூசிக் காற்று என்றார். மிளகும் கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார். மூக்கைச் சீறிய லேஞ்சியை மடித்துக் கட்டில் மெத்தைக்கு அடியில் ஒளிக்கத் தொடங்கினார். மாமி எடுத்துப் பார்த்தா. பொருக்கும் இரத்தமும். படி ஏறினால் மூச்சு சீழ்க்கை அடித்தது. பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

“மாமா, அது காற்று இல்லை.”

“காத்துத்தான் பிள்ளை. கரையில எல்லாருக்கும் தொண்டை கட்டியிருக்கு.”

“எல்லாருக்கும் மூக்கால இரத்தம் வருதோ?”

“நீ ஆற்ரை லேஞ்சியைப் பாத்தனி?”

அவ்வளவுதான். அதற்கு மேல் கதை இல்லை.

ஒரு சனிக்கிழமை விடிய மாமி ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றித் தந்து என்னைக் கரைக்கு அனுப்பினா. தேத்தண்ணீர் ஒரு சாட்டுத்தான். மாமா எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்த்துவரச் சொன்னா.

நான் போனபோது கூட்டம் நிறைந்திருந்தது. நல்ல அறக்குளா பட்டிருந்தது. பெரிய மீன்கள், வரிசையாகக் கிடந்தன. கேட்டவர்களில் கடைசியாக நின்றது இரண்டு பேர். கிண்ணியாவிலிருந்து ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வருகிற முனீப் ஒருவர். மாமாவோடு வருடக்கணக்காக யாபாரம் செய்கிறவர். மற்றவர் சஜீத், நிலாவெளி ஹோட்டல்களுக்கு மீன் கொடுக்கிற இளம் ஆள். முனீப் ஒரு விலை சொன்னார். சஜீத் போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டு நின்றார்.

மாமா கையைத் தூக்கினார். “ஒருதரம்…” குரல் கரகரத்தது. “ரெண்டுதரம்…” பாதியில் உடைந்தது. மூச்சை இழுத்தார். அந்த இழுப்புச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தா. மாமாவின் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை கீழே வெட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

முனீப்பின் ஆள் மீனைத் தூக்கக் குனிந்தான். அதே நேரம் சஜீத் போனைக் காதிலிருந்து எடுத்து விலையை ஏற்றினார்.

“முடிஞ்சுது தம்பி” என்று மாமா காற்றாகச் சொன்னார். “வெட்டியாச்சு.”

“எங்க அண்ணே வெட்டின நீங்க? எனக்குக் கேக்கல்லயே!”

“கையை வெட்டினனான் தானே!”

“கை கணக்கில்ல. வாயால சொல்லணும்.”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. கேட்டது என்றார்கள் சிலர், கேட்கவில்லை என்றார்கள் சிலர். ஜக்சன் என்று இன்னொரு கூறுகிறவர் இருக்கிறார், மாமாவுக்கு எப்போதும் போட்டி. “ஏலம் கூறுற ஆளுக்கே ஏலாமப் போச்சுடா” என்று அவர் சொல்ல, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா முகம் கறுத்துப்போனது. முனீப்பின் பக்கம் திரும்பினார்.

“முனீப், நீ சொல்லு. மூண்டாந்தரம் கேட்டதோ இல்லையோ?”

முனீப் மீனைப் பார்த்தார். கேட்டது என்று சொன்னால் மீன் அவருக்கு. நல்ல விலைக்குப் போகக்கூடிய மீன்.

“கேக்கல்ல அண்ணே” என்றார். “எனக்கு மீன் வேணும். ஆனா கேக்கல்ல.”

மாமா படங்கை விட்டு விலகினார். ஜக்சன் வந்து மீனைத் திரும்பக் கூறினார். சஜீத் கொண்டுபோனார். நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு மாதமும் சொல்லவேண்டும் என்று வைத்திருந்த ஏச்சு எல்லாம் வாயில் இருந்தது. பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். மாமா வள்ளத்தின் விளிம்பில் குந்தித் தேத்தண்ணீரைக் குடித்தார். ஒவ்வொரு மிடறுக்கும் இடையில் அந்த விசில்.

“பிள்ளை,” என்றார் கடைசியில், “அந்த மிஸி ஏசுவாவோ?”

“கொஞ்சம்.”

திங்கட்கிழமை போனோம். சும்மா போகவில்லை. மாமா முகக்கவசம் போட்டு, தொப்பியைக் கண் வரை இழுத்து, மாமியின் குடையையும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருவரும் தன்னை மட்டுக்கட்டக் கூடாதாம். ஓட்டோவால் இறங்கியதுமே வாசலில் நின்ற காவலாளி, “என்ன கிறிஸ்தோபரண்ணை, மழை வரப்போகுதோ?” என்று கேட்டார். வானம் பளிச்சென்று இருந்தது.

கிளினிக் வாங்கில் இருந்தோம். அங்கே இன்னொரு சங்கடம் காத்திருந்தது. எங்களுக்கு முன் வாங்கில் இருந்த பெண் திரும்பினா. பேர்னதெத் அக்கா. மாமா குடையை விரிக்கப் பார்த்தார். நான் பிடித்து அமத்தினேன்.

“கிறிஸ்தோபரே? என்ன இஞ்ச?”

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர்தான் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

“அது… மருந்து எடுக்க வந்தனான்.”

“ஓ. நானும் பிரசர் குளிசை முடிஞ்சு வந்தனான். இண்டைக்குச் சனம் கூட என்ன?”

மாமா வாயைத் திறந்தபடி இருந்தார். “நீங்கள் குளிசை எடுக்கிறனீங்களோ?”

“பதினஞ்சு வருசமா. ஏன்?”

“அப்ப… நான் சாட்சி சொன்னனானெல்லே. சுகமெண்டு. மூண்டுதரம்.”

“ஓம், வடிவாச் சொன்னனீங்கள். சனம் இப்பவும் கதைக்குது.”

“அதுக்குப் பிறகு நான் மருந்தை விட்டிட்டன்.”

பேர்னதெத் அக்காவின் முகம் மாறியது. “ஆர் விடச் சொன்னது?”

“நீங்கள்தானே சுகமெண்டு சொல்லச் சொன்னனீங்கள்!”

“சொல்லச் சொன்னனான். விடச் சொன்னனானே? விசரே உங்களுக்கு? அந்த மருந்தைக் காட்டித் தந்தவர் ஆர் எண்டு நினைச்சீங்கள், பிசாசே?”

நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். அது சந்தோசச் சிரிப்பு இல்லை. இவ்வளவு மாதமும் இந்த மனிசியும் ஊரும் என்ன நினைக்கும் என்று பயந்துதானே இவர் செத்துக்கொண்டிருந்தார்! யாராவது ஒருவர் அவவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாமா கேட்கவில்லை, மாமி கேட்கவில்லை, படித்தவள் என்று படம் கீறித் திரிந்த நானும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவ என்ன சொல்வா என்று எங்களுக்குள்ளேயே முடிவு செய்து வைத்திருந்தோம்.

உள்ளே டொக்டர் பரிசோதித்தார். அவர் ஏசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பஸ்மியா மிஸி மொழிபெயர்த்தா. வருத்தம் எழும்பிவிட்டது. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாய் அழன்று ஒடுங்கியிருக்கிறது. சிறுநீரில் இரத்தம் தொடங்கியிருக்கிறது. சிறுநீரகம் இன்னும் கைவிடவில்லை, இன்னும் சில வாரம் போயிருந்தால் சொல்ல முடியாது. திரும்பவும் வெளியூர், திரும்பவும் முகத்தை ஊத வைக்கிற மருந்து, மூச்சுக்குழாயை உள்ளே பார்த்து விரிக்க ஒரு சிகிச்சை.

“குரல்?” என்று கேட்டார் மாமா. அவர் முதலில் கேட்டது அதைத்தான். சிறுநீரகத்தைக் கேட்கவில்லை.

மிஸி டொக்டரைக் கேட்டா. “மூச்சு சரியா வரும். குரல் முன்ன மாதிரி வருமா எண்டு சொல்லேலாதாம்.”

வரவில்லை. மூச்சு திரும்பியது, இரத்தம் நின்றது, சிறுநீர் சுத்தமானது. மாதங்கள் கழித்து டொக்டர் மறுபடியும் “அடங்கி இருக்கிறது” என்றார். குரல் மட்டும் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரிக் கரகரப்பாகவே நின்றுவிட்டது. பெரிய மீன்களை இப்போது ஜக்சன்தான் கூறுகிறார். மாமா சின்ன மீன்களை, பத்துப் பேர் கிட்ட நின்று கேட்கக்கூடிய குவியல்களைக் கூறுகிறார். யாபாரிகள் கிட்ட வந்து நிற்கப் பழகிவிட்டார்கள். மாமா பழகவில்லை. ஜக்சனின் குரலைக் கேட்கும் நேரமெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மருந்தை விடாமல் இருந்திருந்தால் அந்தக் குரல் இருந்திருக்கும் என்று ஒருநாள் சொல்லப்போனேன். அவருக்குத் தெரியும் என்று முகத்தில் கண்டு விட்டுவிட்டேன்.

இடையில் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரமும் எழுதியிருந்தேன்; அதன் முடிவு வந்தது. யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைத்தது. சந்தோசப்பட வேண்டிய நாளில் நான் நினைத்தது, அடுத்த மருந்து ஏற்றும் நாளுக்கு இந்த மனிசனை யார் இழுத்துக்கொண்டு போவது என்று. மாமியால் வார்ட்டில் காத்துக்கொண்டு இருக்க ஏலாது, முதுகு நோகும். அம்மாவுக்கு வேலை. போகும் முன் மாமாவுக்கு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். காய்ச்சல் என்றால் உடனே போங்கோ, இந்த மருந்து எடுக்கிறவர்களுக்குக் காய்ச்சல் சின்ன விசயம் இல்லை. குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ. நாளைத் தவறவிட வேண்டாம்.

“நீ போ பிள்ளை,” என்றார். “போய்ப் படி. உன்ர கரைச்சல் இல்லாட்டி நான் இன்னும் நல்லா இருப்பன்.”

நான் நம்பவில்லை. அந்த நாள் வந்தபோது யாழ்ப்பாணத்தில் விரிவுரை மண்டபத்தில் இருந்தேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. மாமிக்குச் செய்தி போட்டேன். மறுமொழி இல்லை. இவர் கரைக்குத்தான் போயிருப்பார், கட்டாயம் ஏதோ ஒரு நியாயம் கண்டுபிடித்திருப்பார் என்று முடிவே செய்துவிட்டேன். விரிவுரை முடிய முன்னரே போன் அதிர்ந்தது. மாமா. வெளியே ஓடினேன்.

“எங்க நிக்கிறீங்கள்?”

“நிக்கயில்லை. படுத்திருக்கிறன்.” அதே கரகரப்பு. “எட்டாம் நம்பர் கட்டில். நேர மேல காத்தாடி, ஆனா சுத்துதில்லை. பஸ்மியா மிஸி லீவாம். புதுப் பிள்ளை ஒண்டு வந்து ரெண்டு இடத்தில குத்திட்டுது.”

“தனியவோ வந்தனீங்கள்?”

“பின்ன, பாண்ட் வாத்தியத்தோடயோ வாறது? பஸ்ஸில வந்தனான். பக்கத்துக் கட்டில்க்காரன் இருமுறான், நான் கவசம் போட்டிருக்கிறன், அதுக்கும் அந்தப் பிள்ளை ஏசுது, மூக்குக்கு மேல போடட்டாம். பருப்பில உப்பில்லை. இது முடிய பின்னேரம் ஆகுமாம். என்ன கோதாரி மருந்தோ, ஒரு சொட்டு விழுந்தா அடுத்தது விழ நான் கிழவனாயிடுவன்.”

“மாமா…”

“என்ன?”

போனைக் காதோடு அமத்தி அவருடைய மூச்சைக் கேட்டேன். விசில் இல்லை.

“கையில ஊசி இருக்கு, போன் பிடிக்க ஏலாது,” என்றார். “வை. போய்ப் படி.”